ஜமால் முகைதீன் எந்தத் தரப்பு?

ஆகஸ்ட் 4, திங்கள்

கல்லுப்பாளையம் வந்து சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே லாட்ஜ். ஜன்னலைத் திறந்தால் ஹாரன், மூடினால் புழுக்கம். இந்த பஸ் ஸ்டாண்டைப் பற்றித்தான் நிகழ்ச்சி என்பதால் திறந்தே வைத்திருக்கிறேன்.

நகராட்சி இதை ஊருக்கு வெளியே, பைபாஸுக்கு மாற்றப் போகிறது. மாற்றாதே என்று ஒரு சுவரில் போஸ்டர், உடனே மாற்று என்று எதிர்ச் சுவரில். எங்கள் சேனலின் 'ஊர் மேடை' ஞாயிற்றுக்கிழமை இங்கே படப்பிடிப்பு. மேடையில் ஐந்து தரப்பு: வணிகர், பெண்கள், இளைஞர், சிறுபான்மையினர், ஒடுக்கப்பட்டோர். தரப்புக்கு ஒருவர். பெண்களுக்கு மட்டும் இரண்டு பேர், பார்க்க நன்றாக இருக்குமாம். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் தரப்பின் பெயர் எழுதிய பலகை. ஆள் பிடிப்பது என் வேலை.

நிகழ்ச்சியை நடத்துகிற உதயசங்கர் சார் காலையில் போனில் சொன்னது: "கோதை, ரொம்ப ஆராயாதே. வணிகர் எதிர்ப்பு, பெண்கள் எதிர்ப்பு, இளைஞர் ஆதரவு. பள்ளிவாசல் தெரு பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கு, அதனால சிறுபான்மையினர் எதிர்ப்பு. புது இடம் காலனிப் பக்கம், அதனால ஒடுக்கப்பட்டோர் ஆதரவு. அப்படியே ஆள் எடு."

ஊரைப் பார்க்காமலே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

சென்னையில் வாடகைக்குப் பார்த்துவைத்த வளசரவாக்கம் வீட்டுக்காரம்மா கூப்பிட்டார். வீடு பிடித்திருக்கிறதா என்றார். பிடித்திருக்கிறது என்றேன். சொந்த ஊர் எது என்றார். சொன்னேன். "ஊருக்குள்ளேயா, கொஞ்சம் வெளியிலயா?" என்றார். ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று ஒரு ஆச்சரியம். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் வலது பக்கம் சூட்கேஸ், ஸ்கூல் பேக் விற்கிற கடை. உரிமையாளர் ஜமால் முகைதீன், வணிகர் சங்கச் செயலாளர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். எதிர்ப்புதானே என்று நானே எழுதிக்கொண்டு பேனாவை மூடப் போனேன்.

"இல்லம்மா. மாத்தணும்" என்றார்.

"சார், உங்க வியாபாரம் என்னாகும்?"

"போகும்."

பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோரிலிருந்து ஒரு குரல், "எழுதிக்குங்க மேடம், எங்க அண்ணனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு எழுதிக்குங்க." அது அவருடைய தம்பி சிக்கந்தர். இரண்டு கடைக்கும் நடுவில் சுவரில் ஒரு வழி இருக்கிறது. சில்லறை, டீ கிளாஸ், வாடிக்கையாளர் எல்லாம் அதன் வழியாகத்தான் போய் வருகிறார்கள்.

ஆதரவா எதிர்ப்பா என்பதற்குமேல் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏன் என்றேன்.

அப்போது ஒரு பஸ் பின்னால் வந்தது. கண்டக்டர் விசில். ஜமால் பேசிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வெளியே போய் நின்றார். பஸ் நின்ற பிறகுதான் உள்ளே வந்தார்.

"போன வருஷம் ஒரு நர்சிங் காலேஜ் பொண்ணு, இந்த வாசல்லதான். பஸ் பின்னாடி வந்துச்சு. நான்தான் தூக்கினேன். பொழைச்சிருச்சு, ஆனா கால் போயிருச்சு. இந்த இடத்துல இத்தனை பஸ் திரும்ப முடியாதும்மா. அன்னையிலிருந்து விசில் கேட்டா என்னால உள்ளே உட்கார முடியல."

"அதுக்கு டிரைவரைத் திட்டணும், பஸ் ஸ்டாண்டையேவா தூக்குவாங்க?" சிக்கந்தர் அந்த வழியில் தலையை நீட்டினார். "பின்னாடி இருக்கிற பழைய கொட்டகையை இடிச்சா இடம் தாராளம்."

இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். டீ ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை. நான் நன்றாக ரசித்தேன்.

காலனிக்கு நாளை போக வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

பெண்கள் தரப்பு. மாரீஸ்வரி அக்கா பஸ் ஸ்டாண்டின் கட்டணக் கழிப்பறையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். மாற்றினால் பிழைப்பு போச்சு என்கிறார். வினோதினி பைபாஸில் இருக்கும் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அங்கே பஸ் நிற்காததால் தினமும் ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போகிறாள். மாற்றினால் கோயிலில் பொங்கல் வைக்கிறேன் என்கிறாள்.

உதயசங்கர் சாரிடம் சொன்னேன். "பெண்கள் என்ன சொல்றாங்கன்னு கேட்டா ரெண்டு பேரைப் பத்திச் சொல்றே" என்றார்.

"அவங்க ரெண்டு பேரும் பெண்கள்தான் சார்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜமாலைப் பற்றியும் சொன்னேன். நஷ்டப்படப் போகிற வணிகரே ஆதரிக்கிறார், புதிதாக இருக்கும் என்றேன். "சரி, வணிகர் நாற்காலியில போடு, பார்க்கலாம்" என்றார்.

இரண்டு சுடிதார் துவைத்தேன். பஸ் புகையில் காயும்போதே அழுக்காகிவிட்டன. காலனிக்கு நேரமில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

இளைஞர் கிடைத்துவிட்டார், கல்லூரி மாணவர், ஆதரவு. சிறுபான்மையினர் தரப்புக்கு ஒரு சர்ச் பள்ளியின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதிர்ப்பு. இருவரும் பட்டியல்படி. ஏனோ சப்பென்று இருந்தது.

காலனிக்கு நாளை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போனேன்.

பைபாஸ் முனையில் ஜெராக்ஸ் கடை. மதியழகன் என்று பெயர். என்னை உட்கார வைத்து, வேலையை முடித்துவிட்டு வந்தார். புது பஸ் ஸ்டாண்டு வந்தால் கடைக்கு நல்லதுதானே என்று கேட்டேன்.

"நல்லதுதான். கடைக்கு நல்லது, ஆனா பசங்க விளையாடுற ஒரே இடம் அதுதான். எனக்கே இன்னும் முடிவாகல. அதைப் பேசலாம்னா வரேன். எந்தச் சீட்டு?"

சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் கடை வச்சிருக்கேன். ஜி.எஸ்.டி. கட்டுறேன். வணிகர்னு போடுங்க, வரேன்."

"அது நிறைஞ்சிருச்சு சார்."

"அப்போ நீங்க பஸ் ஸ்டாண்டைப் பத்திக் கேக்கலம்மா. எங்களைப் பத்திக் கேக்கறீங்க. அதையும் பேசலாம், அதுக்கு வேற நாள் வாங்க, நாள் முழுக்கப் பேசலாம். பஸ் ஸ்டாண்டைப் பேசும்போது என்னை அங்கே உட்கார வச்சா, நான் பிளேகிரவுண்டுன்னு சொன்னாலும் அது வேற மாதிரிதான் கேக்கும்."

கிளம்பும்போது எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். பையனை அனுப்பி எனக்கு டீயும் வடையும் வாங்கிவரச் சொன்னார். வடை நன்றாக இருந்தது.

உதயசங்கர் சாருக்கு அனுப்பிய குறிப்பில் 'வர மறுத்துவிட்டார்' என்று மட்டும் எழுதினேன்.

ஆகஸ்ட் 9, சனி

தலைமையாசிரியருக்குக் காய்ச்சல். வர மாட்டாராம். யூனிட் வேன் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

படப்பிடிப்பு முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

கல்யாண மண்டபத்தில் மேடை. கூட்டம் நல்ல கூட்டம். விளக்குப் போட்டுப் பார்க்கும்போது இரண்டு நாற்காலிகள் காலி. உதயசங்கர் சார் பலகைகளைப் பார்த்தார். "அந்த பேக் கடைக்காரரை சிறுபான்மையினர்ல போடு. சங்கத் தலைவர் வந்திருக்காரே, ஸ்வீட் ஸ்டால் குழந்தைவேலு, அவரை வணிகர்ல போடு. எல்லாம் சரியா வந்துரும்."

"சார், ஜமாலை வணிகராத்தான் கூப்பிட்டிருக்கேன்."

"அவர் முஸ்லிம் இல்லையா?"

"ஆமா, ஆனா…"

"அப்புறம் என்ன பொய்யா எழுதறோம்?"

அடுத்து அவர் கடைசி நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னை. "இதுல நீயே உட்காரலாமே, கோதை? உள்ளூர்க்காரி மாதிரி ரெண்டு வார்த்தை. யாருக்குத் தெரியப் போகுது."

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. "எனக்கு வேலை இருக்கு சார், முடியாது" என்றேன். சரி என்று அந்த நாற்காலியையே எடுத்துவிடச் சொன்னார். அவ்வளவு எளிதாக முடிந்தது. தண்ணீர் பாட்டில்களை வைக்கப் போனேன்.

பிறகு சிறுபான்மையினர் பலகையை எடுத்து ஜமாலுக்கு முன்னால் வைத்தேன். அவர் அதைப் படித்தார். "எங்க உட்கார்ந்தா என்னம்மா, பேசறது நான்தானே" என்றார். முதல் வரிசையில் இருந்த சிக்கந்தர்தான், "மேடம், அது தப்பா இருக்கே" என்றார். படப்பிடிப்பு தொடங்குகிறது, உட்காருங்கள் என்றேன்.

மாரீஸ்வரி அக்காவும் வினோதினியும் ஒரே பலகைக்குப் பின்னால் சண்டை போட்டார்கள். கைதட்டல். ஜமாலின் முறை வந்ததும் உதயசங்கர் சார் கேட்டார், "உங்க சமுதாயம் இதை எப்படிப் பார்க்குது?"

"எங்க வீட்டையே என்னால சொல்ல முடியாது சார். நான் மாத்தணும்ங்கறேன். அதோ என் தம்பி, மாத்தக்கூடாதுங்கறான்."

"அப்போ உங்க சமுதாயத்துக்குள்ளேயே பிளவு இருக்குன்னு சொல்றீங்க?"

"சமுதாயத்துல இல்ல சார், என் கடைக்கும் அவன் கடைக்கும் நடுவுல. நான் ஏன் சொல்றேன்னா, போன வருஷம் ஒரு பொண்ணு…"

"பதில் வந்துருச்சு, நன்றி. இளைஞர் தரப்பு!"

ஜமால் மைக்கைக் கீழே வைத்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சென்னை. வளசரவாக்கம் வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம்.

ஆகஸ்ட் 13, புதன்

முன்னோட்டம் வெளியாகிவிட்டது. அதில் ஜமால் சொல்வது இவ்வளவுதான்: "நான் மாத்தணும்ங்கறேன்." கீழே பெரிய எழுத்தில்: 'பஸ் ஸ்டாண்டை மாற்று! சிறுபான்மையினர் திடீர் போர்க்கொடி.'

உதயசங்கர் சாரிடம் போய்க் கேட்டேன். "அவர் சொல்லாததை ஒரு வார்த்தை சேர்த்தோமா?" என்றார். சேர்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான். ஒவ்வொரு வார்த்தையும் அவர் சொன்னது. அவர் முஸ்லிம் என்பதும் உண்மை. இரண்டு உண்மையைப் பக்கத்தில் வைத்தால் எப்படிப் பொய்யாகிறது?

ஆகஸ்ட் 14, வியாழன்

மாரீஸ்வரி அக்கா போன் செய்தார். "என்ன மேடம், இப்படிப் பண்ணிட்டீங்க?"

பள்ளிவாசல் தெருக் கடைக்காரர்கள் ஜமாலிடம் போய், எங்களுக்காகப் பேச உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் எதிர்ப்பு. இந்தப் பக்கம் பஜார்க்காரர்கள், "அவங்க எல்லாம் சேர்ந்து பஸ் ஸ்டாண்டைத் தூக்கப் பாக்கறாங்க" என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 'அவங்க'. பள்ளிவாசல் தெரு முழுக்க மாற்றாதே என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறதே, அது இவர்கள் கண்ணில் படவில்லையா?

"அதை விடுங்க. சிக்கந்தர் கடைக்கு வர்றவங்களும் திரும்பிப் போறாங்க. அவரு அந்த நடு வழியை பிளைவுட் வச்சு அடிச்சுட்டாரு. அண்ணன்கூடப் பேச்சு இல்ல."

"சிக்கந்தர் மாத்தக்கூடாதுன்னு சொல்ற ஆளாச்சே."

"அதை யாரு கேட்டா?" என்றார்.

ஆகஸ்ட் 16, சனி

ஒளிபரப்பானது. அலுவலகத்தில் நல்ல பெயர்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜமாலைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை எடுத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லம்மா. நீங்க சின்னப் பொண்ணு, மேலதிகாரி சொன்னதைச் செஞ்சீங்க."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை வணிகர் சங்கக் கூட்டம், தன்னைச் செயலாளர் பதவியிலிருந்து எடுப்பது பற்றிப் பேசப் போகிறார்கள் என்றார். "போய் என்ன சொல்றதுன்னுதான் தெரியல. அந்தப் பக்கம் போனா நான் உங்களுக்காகப் பேசலன்னு சொல்லணும். இந்தப் பக்கம் போனா நான் அவங்களுக்காகப் பேசலன்னு சொல்லணும். நான் என்ன பேசினேன்ங்கறது யாருக்கும் வேண்டாம் போல."

ஆகஸ்ட் 18, திங்கள்

திருத்தம் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். எதைத் திருத்துவது என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படியானால் நானே சங்கக் கூட்டத்துக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். "சேனல் பேர்ல ஒரு வார்த்தை பேசினே, திரும்ப இங்கே வராதே" என்றார் உதயசங்கர் சார். அவர் கெட்டவர் இல்லை. ஊருக்கு ஊர் இதே ஐந்து பலகையை வேனில் கொண்டுபோய்ப் பழகிவிட்டார்.

கல்லுப்பாளையம் போக, திண்டுக்கல் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். லீவு சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வேலை போய்விட்டது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதை எழுதும்போது குறுக்கே வராமல் இருக்கும். நேற்றுக் கூட்டத்தில் நான் பேசியதை யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். இன்று காலை என்னைச் சேனலின் எல்லா வாட்ஸ்ஆப் குரூப்பிலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

சங்க அலுவலகம் மளிகைக் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது. முழுக்க மிளகாய் வற்றல் நெடி. பள்ளிவாசல் தெருக்காரர்களும் பஜார்க்காரர்களும் இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்பு இப்படி உட்கார மாட்டார்களாம், மாரீஸ்வரி அக்கா வாசலிலேயே சொன்னார். ஜமால் நடுவில், மேசைக்குப் பக்கத்தில். சிக்கந்தர் கடைசி வரிசையில், அண்ணனைப் பார்க்காமல். மதியழகனும் வந்திருந்தார். அவரும் சங்க உறுப்பினர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தலைவர் குழந்தைவேலு என்னைப் பார்த்ததும், "டி.வி.க்காரங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்றார்.

"ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போயிடறேங்க" என்றேன். துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டேன்.

"இவரை நான் கூப்பிட்டது வணிகராத்தான். ஒரு பஸ் ஸ்டாண்டு கடைக்காரரா. அந்தப் பலகையைக் கடைசி நேரத்துல வச்சது நான். அவர் யாருக்காகவும் பேச வரல, அவர் கருத்தைச் சொல்ல வந்தார். அதையும் முழுசாச் சொல்ல விடல."

"சொன்னவுடனே வச்சுடுவீங்களா? மாட்டேன்னு சொல்லக்கூடாதா?" பள்ளிவாசல் தெருப் பக்கத்திலிருந்து ஒருவர்.

"சொல்லியிருக்கலாம். என்னையும் ஒரு நாற்காலியில உட்காரச் சொன்னாங்க. எனக்காக மாட்டேன்னு சொன்னேன். அவருக்காகச் சொல்லல."

பிறகு பஜார்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "எந்த நாற்காலிம்மா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் மதியழகன், "அது எதுக்குங்க இப்போ? பஸ் ஸ்டாண்டைப் பேச வந்தோமா, அந்தப் பொண்ணைப் பேச வந்தோமா?" என்றார். கேட்டவர் கீழே குனிந்துகொண்டார்.

குழந்தைவேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்ப்பா ஜமாலு, இத்தனை வருஷம் செயலாளரா இருக்கே. மாத்தணும்னு நீ சங்கத்துல ஒரு நாளும் சொன்னதில்லையே?"

"நீங்க எதிர்ப்புன்னு போர்டு அடிச்சுட்டு வந்து கையெழுத்துதானே கேட்டீங்க?"

"சரி, இப்போ கேக்கறேன். ஏன்?"

ஜமால் எழுந்து அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். அவளைத் தூக்கியபோது அவள் செருப்பைத் தேடியதைச் சொன்னார். விசிலைப் பற்றிச் சொன்னார். "வியாபாரம் போனாப் போகட்டும்னு சொல்ல எனக்கும் மனசில்ல. ஆனா அந்த இடத்துல இன்னொரு தடவை யாரையும் தூக்க என்னால முடியாது" என்றார்.

அதன்பிறகு விவாதம் சூடு பிடித்துக்கொண்டது. ஓட்டல்காரர் ஒருவர், பைபாஸில் பஸ் வேகமாக வரும், அங்கே செத்தே போவார்கள் என்றார். பூட்டுக் கடைக்காரர் டவுன் பஸ்ஸை மட்டும் இங்கே விடலாம் என்றார். மதியழகன் புது இடத்தில் பாதியை விளையாட்டுத் திடலாக விடச் சொல்லிக் கேட்டார், அவரை இரண்டு பேர் ஆதரித்தார்கள். ஒருவர் பள்ளிவாசல் தெரு, ஒருவர் பஜார். நாற்காலிகள் நகர்ந்தன. படம் போட்டுக் காட்ட ஒரு காலண்டர் அட்டையைக் கிழித்தார்கள். சிக்கந்தர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து நேராக மேசைக்கு வந்து, அண்ணன் முகத்துக்கு எதிரே நின்று கத்தினார்: "கொட்டகையை இடிச்சா பஸ் திரும்பும், இடிச்சா பஸ் திரும்பும்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு? அறிவு இருக்கா?"

"அந்த மூலையில டிரான்ஸ்ஃபார்மர் இருக்குடா, அதை எங்கே கொண்டுபோய் வைப்பே? உன் கடையிலயா?"

ஒரு வாரத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை. நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்து இவர் என்ன சொல்வார் என்று ஒருவரைப் பற்றிக்கூட என்னால் ஊகிக்க முடியவில்லை. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு விவாதத்தை நான் பார்த்ததில்லை.

கடைசியில் தீர்மானம். பஸ் ஸ்டாண்டை மாற்றக் கூடாது, கொட்டகையை இடித்து இடத்தை விரிவாக்க வேண்டும். ஆதரவாக அறை முழுக்கக் கை. எதிர்த்து ஒரே ஒரு கை, ஜமாலுடையது. மதியழகன் இரண்டுக்கும் தூக்கவில்லை, இன்னும் யோசிக்க வேண்டும் என்றார். பதவி பறிப்பைப் பற்றிப் பேச்சே எழவில்லை. செயலாளர் என்பதால் தீர்மானத்தை எழுதியதும் ஜமால்தான். எழுத்து நன்றாக, அடித்தல் இல்லாமல் இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். படி இறங்கும்போது பஜார்க்காரர் ஒருவர் அவரைப் பார்க்காதது மாதிரிப் போனார். வாட்ஸ்ஆப்பில் அந்த முன்னோட்டம் இன்னும் சுற்றுகிறது.

ஜமால் என்னைச் சாப்பிடாமல் போகக்கூடாது என்றார். சிக்கந்தர் முன்னால் போய் இடம் பிடிப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். ஓட்டலுக்கு நடந்துபோகும்போது கேட்டேன், "வருத்தமா இருக்கா சார்?"

"என்னம்மா வருத்தம்?" என்றார். "பத்து நாளா என்னை வச்சு யார் யாரோ ஜெயிச்சாங்க, யார் யாரோ தோத்தாங்க. இன்னைக்கு நானே தோத்தேன்."

சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.